வீட்டில் 5.1 மாட்டியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்: டர்பனிலிருந்து

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. என் வேலை வேறு. ஆனால் தெரிந்தவர்கள் யாராவது ஹோம் தியேட்டர் வாங்கினால் கூப்பிடுவார்கள், போய் உட்கார்ந்து சரி செய்து கொடுப்பேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், அம்ஷ்லாங்கா, எப்போதாவது ஜோகன்னஸ்பர்க் பக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் வாயால் வந்தபடியே இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பல வீடுகளில் பாட்டிக்குத்தான் தமிழ் முழுதாக வரும். பிள்ளைகள் காதில் விழும் தமிழ் பெரும்பாலும் படங்களில் பேசுவதுதான். அதனால் வெடிச் சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதைவிட, பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்பதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். கீழே உள்ள பதில்களிலும் அது தெரியும்.

அண்ணா, 5.1ன்னா என்ன? 5.1.2ங்கறாங்க, 7.2ங்கறாங்க, ஒண்ணும் புரியல.

முதல் எண், காது மட்டத்தில் உங்களைச் சுற்றி இருக்கும் ஸ்பீக்கர்கள். 5 என்றால் முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு சரவுண்ட். புள்ளிக்குப் பின்னால் வரும் 1, சப்-வூஃபர், அதாவது பாஸ் என்கிற கனத்த அடி ஒலியை மட்டும் கொடுக்கும் பெட்டி. மூன்றாவது எண் இருந்தால், அது மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர்கள், தலைக்கு மேலும் ஒலியைக் கொண்டுவரும் டால்பி அட்மாஸுக்காக வைப்பது. 7.2 என்றால் சுற்றி ஏழு, சப்-வூஃபர் இரண்டு.

எத்தனை இருந்தால் நல்லது என்று அடுத்து கேட்பீர்கள். சாதாரண லவுஞ்சுக்கு, நம் ஊர் ஹாலுக்கு, ஒழுங்காக வைத்த 5.1 போதும். இடமில்லாத வீட்டில் ஏழு ஸ்பீக்கரைத் திணித்தால் எதையும் சரியான இடத்தில் வைக்க முடியாது.

பெட்டியோட வந்த படத்துல இருக்கிற மாதிரி எங்க லவுஞ்ச் இல்லையே, எதை எங்க வைக்கறது?

படத்தை விடுங்கள். முதலில் யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த இருக்கையிலிருந்துதான் எல்லா அளவும் தொடங்கும். ஒரு நூலை எடுத்து இருக்கையிலிருந்து இடது ஸ்பீக்கர் வரை பிடியுங்கள். அதே நீளம் வலது ஸ்பீக்கருக்கும் வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே நீளம் இருந்தால் சமபக்க முக்கோணம். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 30 டிகிரி. அறை குறுகலாக இருந்தால் 22 டிகிரி வரை நெருக்கலாம். அதற்கு மேல் நெருக்கினால் மூன்று ஸ்பீக்கரும் ஒரே பெட்டி மாதிரி ஒலிக்கும்.

சரவுண்ட் இரண்டும் உங்கள் காதுக்கு நேர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னால், அதாவது 110 டிகிரி அளவில் வர வேண்டும். முன் ஸ்பீக்கர்களின் ட்வீட்டர், அந்தச் சின்ன வட்டம், உட்கார்ந்தவரின் காது உயரத்தில் இருக்கட்டும். சரவுண்ட் காதைவிட ஓரிரு அடி உயரத்தில் இருந்தால் நல்லது. பக்கத்தில் உட்கார்ந்தவரின் தலை மறைக்காது.

இங்கே பெரும்பாலான வீடுகளில் சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அதுதான் பெரிய சிக்கல். சுவர் ஓரத்தில் பாஸ் குவியும், பின்னாலிருந்து வரும் எதிரொலி பேச்சைக் குழப்பும். அரை மீட்டர் முன்னால் இழுக்க முடிந்தாலே வித்தியாசம் கேட்கும். இழுக்கவே முடியாது என்றால் சரவுண்டைப் பக்கச் சுவரில் காதுக்கு நேராக மாட்டுங்கள். பின்சுவரில் தலைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

டயலாக் மட்டும் கேக்கவே மாட்டேங்குது. பாட்டு வந்தா வீடே அதிருது. ரிமோட்டைக் கையிலயே வச்சுகிட்டு படம் பாக்க வேண்டியிருக்கு.

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். படத்தில் பேச்சு கிட்டத்தட்ட முழுவதும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அந்த ஒரு ஸ்பீக்கரை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். சாட்ஸ்வர்த்தில் ஒரு ஆன்ட்டி வீட்டில் சென்டர் ஸ்பீக்கர் டிவி கேபினெட்டின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு முன்னால் பித்தளைப் பிள்ளையார், பக்கத்தில் இரண்டு குத்துவிளக்கு. அவர்கள் வீட்டுத் தாத்தா ஒரு வருடமாக சப்டைட்டில் படித்துத்தான் படம் பார்த்திருக்கிறார். கண்ணாடிக் கதவைத் திறந்து, பிள்ளையாரை மேல்தட்டுக்கு மாற்றி, ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்து, முன்பக்கத்தின் அடியில் கதவுக்குக் கொடுக்கும் ரப்பர் ஆப்பு இரண்டை வைத்து முகத்தை மேல்நோக்கிச் சாய்த்தேன். எந்த பட்டனையும் தொடவில்லை. தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தட்டுக்குள் உள்ளே தள்ளி வைத்தால் ஒலி தட்டிலும் பக்கப் பலகையிலும் பட்டு, பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். முழங்காலைப் பார்த்தபடி வைத்தால் ட்வீட்டரின் கூர்மை காதுக்கு வராது. க, ச, ட எல்லாம் மழுங்கும். ஆகவே விளிம்பு, சாய்வு, முன்னால் தடை இல்லாமை, இந்த மூன்றும்தான் முதல் மருந்து.

அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ரிசீவரில், அதாவது எல்லா ஸ்பீக்கர் வயரும் போய்ச் சேரும் ஆம்ப் பெட்டியில், சென்டரின் லெவலை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். இரவில் பார்ப்பவர்கள் ‘நைட் மோட்’, ‘டைனமிக் ரேஞ்ச்’ என்ற பெயரில் இருக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளலாம். அது பெரிய சத்தத்தை அடக்கி, சின்ன சத்தத்தைத் தூக்கும். தியேட்டர் போன்ற வீச்சு குறையும்தான். ஆனால் குழந்தை தூங்கும் வீட்டில் அது சரியான சமரசம்.

முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் மட்டும்தான் பாடுது. பின்னாடி இருக்கறது சும்மா அலங்காரத்துக்கா?

ஸ்பீக்கர் கெட்டுப்போகவில்லை, நூற்றுக்குத் தொண்ணூறு. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருக்கிறதா பாருங்கள். டிவியிலிருந்து ஆர்க் வழியாக, அதாவது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே திருப்பி அனுப்பும் வசதியில், ரிசீவருக்குப் போகும்போது பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான் போகும். ‘பாஸ்-த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். டிகோடர் (டிஷ்ஷின் செட்-டாப் பெட்டி), ஸ்ட்ரீமிங் பெட்டி இருந்தால் அவற்றின் ஆடியோ செட்டிங்கையும் அதேபோல் பாருங்கள். எச்டிஎம்ஐ வயர் டிவியிலும் ரிசீவரிலும் ஆர்க் என்று எழுதிய துளையில்தான் இருக்க வேண்டும். ஆர்க் வழியாக டால்பி டிஜிட்டல் 5.1 தாராளமாகப் போகும். ப்ளூ-ரேயில் இருக்கும் தரம் குறையாத ட்ரூஎச்டி போக வேண்டுமென்றால் ஆர்க்கின் புதிய வகையான ஈ-ஆர்க் தேவை.

படமே ஸ்டீரியோவில் இருந்தாலும் பின்னால் ஒன்றும் வராது. பழைய படங்கள் பல அப்படித்தான். ரிசீவரில் ‘டால்பி சரவுண்ட்’ என்ற மோடைப் போட்டால் இரண்டு சேனலைப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் கொடுக்கும்; பேச்சும் சென்டருக்கு வந்துவிடும்.

வால்யூம் மைனஸ் 25ன்னு காட்டுது. மைனஸ்னா ஏதாவது பழுதா?

பழுது இல்லை. பூஜ்யம் என்பது தியேட்டரில் படத்தைக் கலவை செய்தபோது வைத்திருந்த சத்த அளவு. அந்த அளவில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகும். வீட்டில் அது பொறுக்க முடியாது. மைனஸ் 25, மைனஸ் 20 என்று பெரும்பாலான வீடுகளில் ஓடும். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் வர வேண்டுமென்றால் கீழே சொல்லும் அளவீட்டைச் செய்திருக்க வேண்டும்.

எந்த வயர் வாங்கணும்? கடையில மீட்டருக்கு என்னென்னமோ விலை சொல்றாங்க.

ஹார்ட்வேர் கடையில் ரிப்கார்ட் என்று கேட்டால் கொடுக்கும் இரட்டை வயரே போதும், செம்பாக இருந்தால். பத்து மீட்டருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர், அதைவிட நீளம் என்றாலோ ஸ்பீக்கர் 4 ஓம் என்றாலோ 2.5. வெளியே செம்பு நிறம் பூசி உள்ளே அலுமினியம் இருக்கும் வயர் வேண்டாம்.

கடற்கரை ஓரம் இருப்பவர்கள், அதாவது அம்ஷ்லாங்கா, அமன்சிம்டோட்டி பக்கம், ஒன்று கவனியுங்கள். உப்புக்காற்றில் உரித்த செம்பு முனை கறுத்துப் பச்சை பிடிக்கும். அப்போது ஒலி விட்டு விட்டு வரும். வருடத்துக்கு ஒரு முறை முனையை வெட்டி, புதிதாக உரித்து முறுக்கி மாட்டுங்கள். அல்லது முனையை இறுக்கிப் பிடிக்கும் பனானா பிளக் போட்டுவிடுங்கள்.

சிவப்பு, கறுப்பு மாறிப் போனா என்ன ஆகப் போகுது? சத்தம் வருதே.

சத்தம் வரும், ஆனால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பாஸ் ஒன்றையொன்று அழிக்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் தலைக்குள் எங்கோ மிதக்கும். வயரின் ஒரு பக்கம் கோடோ எழுத்தோ இருக்கும். அதை எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்புக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் போன வயர் எது என்று தெரியவில்லையா? ரிசீவர் பக்கத்து முனையைக் கழற்றி ஒரு 1.5 வோல்ட் டபுள்-ஏ பேட்டரியின் இரு முனையில் ஒரு நொடி தொடுங்கள். வூஃபர், ஸ்பீக்கரின் அந்தப் பெரிய வட்டம், வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்ட வயர்தான் சிவப்பு.

பெட்டியில 1000 வாட்னு போட்டிருக்கு. என் நண்பன் வீட்ல 80 வாட்தான், ஆனா அங்க சத்தம் நல்லா இருக்கே?

பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் வாட், ஒரு கணம் தாங்கும் உச்சத்தைக் கூட்டிப் போட்ட கணக்காக இருக்கும். சத்தம் 3 டெசிபல் ஏற வாட் இரண்டு மடங்கு வேண்டும். காதுக்கு ‘இரண்டு மடங்கு’ என்று தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 80க்கும் 160க்கும் உள்ள வித்தியாசம் அந்த 3 டெசிபல்தான். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண், 87 என்றும் 90 என்றும் இருந்தால் அதுவும் அதே 3 டெசிபல். வாட்டைப் பார்ப்பதைவிட இதைப் பாருங்கள்.

ஆட்டோ செட்டப் மைக் ஒண்ணு கூட வந்துச்சு. அதைப் போட்டா எல்லாம் தானா சரியாயிடுமா?

பாதிக்கு மேல் சரியாகிவிடும், மைக்கை ஒழுங்காக வைத்தால். டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர்தான் வேறு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு விசித்திரமான சத்தம் போடும். மைக் அதைக் கேட்டு, தூரம், லெவல், அறையால் வரும் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கணக்கிடும். தூரம் ஏன் என்றால், ஒலி 34 சென்டிமீட்டர் போக ஒரு மில்லி செகண்ட் எடுக்கும். பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை அந்த அளவு தாமதப்படுத்தினால்தான் எல்லா ஒலியும் ஒன்றாக உங்களிடம் வந்து சேரும்.

மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோபாவின் முதுகில் வைக்காதீர்கள். கேமரா டிரைபாடில் மாட்டி, உட்கார்ந்தவரின் காது உயரத்தில், முகம் கூரையைப் பார்த்தபடி வையுங்கள். முதல் இடம் முக்கிய இருக்கைதான். தூரமும் லெவலும் அங்கிருந்துதான் எடுக்கப்படும். அடுத்தடுத்த இடங்களை அதைச் சுற்றி அரை மீட்டருக்குள் எடுங்கள். ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் நிறுத்துங்கள். ஃபீனிக்ஸில் ஒரு வீட்டில் நான்காவது இடம் எடுக்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. திரும்ப எடுத்தபோது வாசல் மரத்தில் ஹடீடா பறவைகள் கத்திக்கொண்டு கிளம்பின. மூன்றாவது முறைதான் சுத்தமாக வந்தது. அந்தப் பொறுமை வேண்டும். சத்தத்தோடு எடுத்த அளவீடு தப்பான பாடத்தை ரிசீவருக்குச் சொல்லிக் கொடுக்கும்.

ஒரு கம்பெனி மைக்கை வேறு கம்பெனி ரிசீவரில் போடாதீர்கள். ஒவ்வொரு மைக்கின் குணத்துக்கும் ஏற்பத்தான் ரிசீவர் கணக்குப் போடுகிறது.

ஆட்டோ செட்டப் முடிஞ்சுது. அது சொன்னதை அப்படியே விட்டுடலாமா?

இரண்டு இடத்தில் கை வையுங்கள், ஒரு இடத்தில் வைக்காதீர்கள். முதலாவது, முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்குங்கள். அது ஸ்பீக்கரின் அளவைச் சொல்வது இல்லை. அடி பாஸை சப்-வூஃபருக்கு அனுப்பு என்று சொல்வது. இரண்டாவது, கிராஸ்ஓவர், அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலி சப்-வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை. 40 என்று போட்டிருந்தால் 80 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். மிகச் சின்ன ஸ்பீக்கருக்கு 120 என்று அதுவே போட்டிருந்தால் அதைக் குறைக்காதீர்கள். அந்த ஸ்பீக்கருக்கு அதற்குக் கீழே இறங்கத் தெம்பில்லை என்று அர்த்தம்.

தொடக் கூடாதது சப்-வூஃபரின் தூரம். டேப்பில் 3 மீட்டர் இருக்கும், ரிசீவர் 4.5 என்று சொல்லும். தப்பு என்று திருத்திவிடுவார்கள். சப்-வூஃபருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது; ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாகச் சேர்த்துச் சொல்கிறது. அது சரிதான், விட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் செட்டிங் பக்கங்களை போனில் படம் எடுத்து வையுங்கள். யாராவது ரீசெட் அழுத்திவிட்டால் உதவும்.

மைக் தொலைஞ்சு போச்சு. போன்ல டெசிபல் ஆப் வச்சு பண்ணலாமா?

லெவலுக்குச் செய்யலாம். ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, முக்கிய இருக்கையில் காது உயரத்தில் போனைப் பிடித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரே எண் காட்டும்படி திருத்துங்கள். மீட்டரில் சி-வெயிட்டிங், ஸ்லோ என்று வைத்து 75 டெசிபல் என்பது வழக்கமான இலக்கு. போனின் 75 உண்மையில் 72 ஆக இருக்கலாம், அதனால் பரவாயில்லை; ஐந்தும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதுதான் தேவை. சப்-வூஃபருக்கு மட்டும் போனை நம்பாதீர்கள். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, அடி பாஸ் அதற்குச் சரியாகக் கேட்காது. தூரத்தை டேப் வைத்து அளந்து போடுங்கள்.

சப்-வூஃபரை எங்க வச்சா நல்லது? மூலைன்னு ஒருத்தர் சொல்றார், மூலை கூடாதுன்னு இன்னொருத்தர்.

இருவரும் சொல்வது அவரவர் அறைக்கு உண்மை. மூலையில் வைத்தால் பாஸ் அதிகம் வரும், ஆனால் சில சுரம் மட்டும் வீங்கி வரும். காரணம் அறையின் நீளம். 4.5 மீட்டர் அறையில் சுவருக்குச் சுவர் மோதும் ஒலி 38 ஹெர்ட்ஸில் நின்று அதிரும். 343-ஐ நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்; உங்கள் அறைக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அதிர்வு ஒரு இடத்தில் மலையாகவும் ஒரு இடத்தில் பள்ளமாகவும் நிற்கும். நடு அறையில் பாஸே கேட்காமல், சமையலறை வாசலில் நெஞ்சைத் தட்டுவது இதனால்தான்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சப்-வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். பாஸ் ஏறி இறங்கி நடக்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது நீங்கள் தரையில் தவழ்ந்தபடி, சப்-வூஃபர் வைக்க முடிகிற ஒவ்வொரு இடத்திலும் தலையைத் தாழ்த்திக் கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஒரே பலத்தில், ஊதாமல் கேட்கிறதோ, அங்கே சப்-வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். ஒலி போகும் பாதை இரு பக்கமும் ஒன்றுதான் என்பதால் இது வேலை செய்கிறது. இதற்குப் பிறகுதான் மைக் அளவீடு. இடத்தை மாற்றினால் அளவீடும் புதிதாக எடுக்க வேண்டும்.

எங்க வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவர். சப்-வூஃபர் போட்டா அவங்க சுவரைத் தட்டறாங்க. என்ன பண்றது?

சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒட்டு வீடுகள் அதிகம், இந்தக் கேள்வியும் அதிகம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அடி பாஸை ஒரு செங்கல் சுவர் நிறுத்தாது. சப்-வூஃபருக்குக் கீழே போடும் ஃபோம் மெத்தை தரை அதிர்வைக் குறைக்கும், காற்றில் போகும் பாஸைக் குறைக்காது. செய்யக்கூடியது, பொதுச்சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளி வைப்பது, மூலையைத் தவிர்ப்பது, சப்-வூஃபரை உங்கள் இருக்கைக்கு மிக அருகே, சோபாவின் பின்னால் அல்லது பக்கத்தில் வைத்து அதன் லெவலைக் குறைப்பது. அருகில் இருந்தால் குறைந்த சத்தத்திலேயே உங்களுக்குப் போதும். மாலை ஏழு மணிக்கு மேல் சப்-வூஃபர் லெவலை 6 டெசிபல் இறக்கிவிடுங்கள். அப்புறம், ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நீங்கள் அவர் வீட்டில் நின்று கேட்டுப் பாருங்கள். எந்த அளவுக்கு மேல் தொந்தரவு என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினா கணீர்னு கேக்குது. இதுக்கும் சவுண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறைய. அந்தக் கணீர்தான் பேச்சின் ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் வாலாகத் தொங்குகிறது. ரிசீவர் இதைக் குணப்படுத்தாது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தடிமனான கம்பளம், ஜன்னலுக்கு மடிப்பு வைத்த கனத்த திரை, ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி. பக்கச் சுவரில் எந்த இடம் முக்கியம் என்று தெரிய, ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டுத் திரும்புகிறது. அங்கே திரையோ அலமாரியோ வையுங்கள்.

ஸ்பீக்கர்ல ஊம்ம்னு ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்கு, படம் ஓடாதப்பவும்.

டிஷ் டிகோடருக்கு வரும் அந்தத் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. கூரையில் இருக்கும் டிஷ்ஷும் வீட்டு மின்சாரமும் தனித்தனி வழியாக எர்த் ஆகியிருக்கும். இரண்டுக்கும் இடையே வயரின் உறை வழியாகச் சின்ன மின்னோட்டம் ஓடும். அதுதான் 50 ஹெர்ட்ஸ் ஊம். டிஷ் வயரில் போடும் ஐசொலேட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் தீரும். ரிசீவர், டிவி, டிகோடர், சப்-வூஃபர் எல்லாம் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பதும் உதவும்.

பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினால் சத்தம் நிற்கும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஒரு வயர் விட்டுப்போனால் ஆம்ப்பின் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும். உயிர் சம்பந்தப்பட்டது.

லோட் ஷெடிங் நேரத்துல இன்வெர்ட்டர்ல ஓட்டலாமா? கரண்ட் வந்து போறதுல ஆம்ப் போயிடுமா?

முறை வைத்துக் கரண்டை நிறுத்திய லோட் ஷெடிங்கால் 2023-இல் பட்ட பாடு இப்போது இல்லை என்றாலும், கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று கரண்ட் போவது நிற்கவில்லை. இன்வெர்ட்டர் ‘ப்யூர் சைன் வேவ்’ என்றால் தாராளமாக ஓட்டலாம். மலிவான ‘மாடிஃபைட் சைன் வேவ்’ என்றால் வேண்டாம்; ஊம் சத்தம் வரும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும். வைஃபை ரௌட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ் இதற்குத் தாங்காது.

கரண்ட் போவதைவிட வரும் நேரம்தான் ஆபத்து, ஒரே தெருவே ஒன்றாக ஆன் ஆகும்போது வோல்டேஜ் எகிறும். கரண்ட் போனதும் ஆம்ப்பின் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் கோடையில் பிற்பகல் இடி மின்னல் தொடங்கும் முன்னமே பிளக்கைப் பிடுங்குவது நல்லது, டிஷ் வயரையும் சேர்த்து. சர்ஜ் பிளக் நேரடி மின்னலுக்குத் தாங்காது.

அமெரிக்கால இருந்து அண்ணன் ஒரு ஆம்ப் கொண்டு வந்து குடுத்தார். பின் மட்டும் மாத்தினா போதும்ல?

பின்புறம் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் இங்குள்ள 230-இல் போட்டவுடனே எரிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஆம்ப்பின் வாட்டைவிடப் பெரியதாக. இந்தியாவிலிருந்து வந்ததற்கு அந்தக் கவலை இல்லை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இந்தியாவின் சின்ன மூன்று முள் பிளக் மட்டும் இங்குள்ள பெரிய துளைக்குப் பொருந்தாது, எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

உதடு முதல்ல அசையுது, பேச்சு பின்னாடி வருது.

டிவியிலோ ரிசீவரிலோ ‘லிப் சிங்க்’, ‘ஆடியோ டிலே’ என்று ஒன்று இருக்கும். ஆனால் அது ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே முடியும். பேச்சு பின்னால் வருகிறது என்றால் முதலில் அது பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். பிறகு டிகோடர் அல்லது ஸ்ட்ரீமிங் பெட்டியை டிவியில் செருகாமல் நேராக ரிசீவரில் செருகுங்கள். மாறாக, பேச்சு முந்தி வந்தால் டிவியில் கேம் மோட் போட்டுப் பாருங்கள், படத்தின் தாமதம் குறையும்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பண்ணினேன். ஆனா டிரம்ஸ் அடி மட்டும் உப்பு சப்பில்லாம இருக்கு.

மேலே சொன்ன 80 ஹெர்ட்ஸில் முன் ஸ்பீக்கரும் சப்-வூஃபரும் ஒன்றாக ஒலிக்கும் பகுதி இருக்கிறது. அங்கே இரண்டும் எதிரெதிராகத் தள்ளினால் பள்ளம் விழும். வயர் மாறிய கேள்வியில் சொன்ன அதே கதை, இப்போது சப்-வூஃபரோடு. யூடியூபில் 80 ஹெர்ட்ஸ் டோன் கிடைக்கும். அதை ஓடவிட்டு இருக்கையில் உட்காருங்கள். இன்னொருவர் சப்-வூஃபரின் பின்னால் இருக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றட்டும். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி. சுவிட்ச் இல்லாவிட்டால் மட்டும், தொடாதே என்று நான் சொன்ன சப்-வூஃபர் தூரத்தை 30 சென்டிமீட்டர் வீதம் ஏற்றி இறக்கி, சத்தம் உச்சமாகும் இடத்தில் நிறுத்தலாம். பழைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எங்க பாட்டிக்கு எண்பத்தி ரெண்டு வயசு. ஒரு காது மந்தம். ஓரத்து நாற்காலியிலதான் உக்காருவாங்க. எல்லாருக்கும் நல்லா கேக்குது, அவங்களுக்கு மட்டும் புரியல. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த சுரங்கள். பேச்சில் க, ச, த, ப போன்ற வல்லின எழுத்துகளின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை. வால்யூமை ஏற்றினால் மற்றவர்கள் காதுதான் வலிக்கும்.

பாட்டியின் நாற்காலியை முக்கிய இருக்கையாக வைத்துக்கொண்டு அளவீட்டைப் புதிதாக எடுங்கள். மைக்கின் முதல் இடம் அவர்கள் நாற்காலியில். சென்டர் ஸ்பீக்கரை மேல்நோக்கிச் சாய்ப்பதோடு, கொஞ்சம் அந்த நாற்காலிப் பக்கமும் திருப்புங்கள். நாற்காலியை, நன்றாகக் கேட்கும் காது சென்டரைப் பார்க்கும்படி சற்றுத் திருப்பிப் போடுங்கள். சென்டரின் லெவல் 3 டெசிபல் மேலே, சரவுண்ட் 2 டெசிபல் கீழே, நைட் மோட் ஆன். சென்டருக்கு மட்டும் ஈக்வலைசர் திருத்த உங்கள் ரிசீவர் விட்டால் 2000-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் தூக்குங்கள். நடு சோபாவில் இருப்பவர்களுக்குப் பின்னணி இசை கொஞ்சம் மெலிந்து கேட்கும், அவ்வளவுதான். காதுக்கருவி போட்டிருந்தால், டிவியிலிருந்து நேராகக் கருவிக்கு ஒலி அனுப்பும் சின்னப் பெட்டி அந்தக் கருவிக்குக் கிடைக்குமா என்று காது பரிசோதித்த இடத்தில் கேளுங்கள்.

பிறகு ரிசீவரில் இதைத் தனி செட்டிங்காகச் சேமிக்க இடம் இருந்தால் ‘பாட்டி’ என்று பெயர் போட்டுச் சேமித்துவிடுங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் ஒரு பட்டன் அழுத்தினால் போதும்.